ஒட்டடைக் கம்புத் தூண்டில்

ஆகஸ்ட் 18, திங்கள்

தென்காசியிலிருந்து கல்லிடைக்குறிச்சி வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் அம்பாசமுத்திரத்தில்தான் உட்கார இடம் கிடைத்தது. அடுத்த ஊரில் இறங்க வேண்டும்.

மகள் செண்பகம் படுத்திருக்கிறாள். கட்டிலின் கால்மாட்டை செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறார்கள். கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருக்கிறதாம். பாத்ரூம் போவதைத் தவிர எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆறாம் மாதம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. போன வருஷமும் ஆறாம் மாதத்தில்தான். அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

மாப்பிள்ளை நவநீதன் அம்பாசமுத்திரத்தில் பேங்க் வேலைக்குப் போய்வருகிறார். நல்ல பிள்ளை. குறை சொல்ல இதுவரை ஒன்றும் கிடைக்கவில்லை. அவருடைய அம்மாவைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. எனக்கு முன்பே பவானியிலிருந்து வந்து இறங்கிவிட்டார். தெய்வானை என்று பெயர். தையல்கடை வைத்திருந்தவர்.

"ஒங்களுக்கு எதுக்கு சம்பந்தி சிரமம்? நான்தான் வந்துட்டம்லா," என்றேன்.

"என்ர மருமவளப் பாத்துக்கறதுல எனக்கென்னுங்க சிரமம்?" என்றார்.

அடுப்படி அலமாரியில் நான் எப்போதும் பை வைக்கும் இடத்தில் அவருடைய தையல் பை உட்கார்ந்திருக்கிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சம்பந்தியம்மாள் பருப்பை வேகவைத்துக் கடைந்து, தாளித்து வைத்தார். செண்பகம் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாள். என் அவியல் அப்படியே இருந்தது.

ஆகஸ்ட் 23, சனி

ஒட்டடைக் கம்பைக் காணோம். இழுத்தால் நீளுகிற அலுமினியக் கம்பு. பொங்கலுக்கு நான்தான் வாங்கிக் கொடுத்தேன். நுனியில் இருந்த பிரஷ் மட்டும் பரணில் தனியாகக் கிடக்கிறது. எதிர்வீட்டு டெய்சி டீச்சரிடம் இரவல் போயிருக்குமோ என்று கேட்டேன்.

"ஒங்க சம்பந்தியம்மா காலைல அதத் தோள்ல வச்சிக்கிட்டு ஆத்துப் பக்கம் போனாங்களே," என்றார் டீச்சர். "நானும் யோசிச்சேன், ஆத்துல எங்க ஒட்டடை இருக்குன்னு."

தினமும் காலையில் ஆற்றுக்குக் குளிக்கப் போவதாகத்தான் சம்பந்தியம்மாள் சொல்கிறார். திரும்பி வரும்போது தலை ஈரமாக இருப்பதில்லை. இதை நான் முன்பே கவனித்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மாப்பிள்ளை வீட்டில் இருந்ததால் பின்னாலேயே போய்ப் பார்த்தேன்.

படித்துறையைத் தாண்டி, மருத மரத்தடியில், பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார் சம்பந்தியம்மாள். கையில் என் ஒட்டடைக் கம்பு, முழு நீளத்துக்கு இழுத்துவிட்டிருந்தது. கம்பு நெடுகிலும் சேலை ஊக்குகளை வரிசையாக நூலால் இறுக்கிக் கட்டி, ஊக்கின் வளையங்கள் வழியாகத் தூண்டில் நரம்பை ஓட விட்டிருந்தார். அடியில் தையல் மெஷின் பாபின் ஒன்றில் மீதி நரம்பு சுற்றியிருந்தது. தண்ணீரில் நீல நிறத்தில் ஒன்று மிதந்தது. பழைய ரப்பர் செருப்பின் துண்டு.

"என்ன சம்பந்தி, இங்கன என்ன பண்ணுதிய?"

"வாங்கோ. மெதுவாப் பேசுங்க, மீனு போயிரும்."

"நாங்க சைவம்னு தெரியும்லா? வீட்டுக்குள்ள மீனு வரக் கூடாது."

"ஊட்டுக்கு எதுக்குங்க கொண்டாறேன்? புடிச்சு உட்டுருவேனுங்க." கைப்பையிலிருந்து இன்னொரு தூண்டில் முள்ளை எடுத்துக் காட்டினார். முள்ளின் நுனியில் பின்பக்கமாக நிற்கும் கொக்கியைக் குறட்டால் நசுக்கி மழுங்க வைத்திருந்தார். அப்படிச் செய்தால் மீனின் வாய் கிழியாதாம். லேசாகத் திருப்பினால் கழன்றுவிடுமாம்.

"விடுறதுக்கு எதுக்குப் பிடிக்கணும்?"

"சும்மாதானுங்க."

வயிற்றுப்பிள்ளைக்காரி வீட்டில் படுத்திருக்கிறாள், இவர் சும்மா மீன் பிடிக்கிறார். நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவருடைய முந்தானை புதரில் சிக்கிக்கொண்டது. "சித்த இதைப் புடிங்க," என்று கம்பை என் கையில் திணித்துவிட்டுத் திரும்பினார். நீலத்துண்டு ஒரு முறை துள்ளியது. பிறகு காணாமல் போய்விட்டது.

"தூக்குங்கோ! தூக்குங்கோ சம்பந்தி!"

தூக்கினேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜிலேபிக் கெண்டை. சம்பந்தியம்மாள் கையை நனைத்துக்கொண்டு அதைப் பிடித்து, முள்ளைக் கழற்றி, ஏதோ குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோலத் தண்ணீரில் விட்டார். காய்ந்த கையால் தொட்டால் அதன் மேல்வழவழப்பு போய் நோய் வந்துவிடுமாம்.

ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஆனால் நரம்பு வழியாக அது இழுத்ததே, அதை மட்டும் எழுதிவைக்க வேண்டும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தபோது, எத்தனையோ மைலுக்கு அந்தப் பக்கம் மணி அடித்து அடித்து, சட்டென்று ஒருவர் எடுத்து 'ஹலோ' என்பார். அப்போது நம் முதுகெலும்பு நிமிரும். அந்த மாதிரி.

வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினேன். செண்பகத்திடம் சொன்னதும் அவள் சிரித்தாள். "எம்மா, நீயா? நீ மீனு புடிச்சியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரித்தாள். வயிறு குலுங்குகிறதே என்று எனக்குப் பயமாகிவிட்டது. நான் வந்த பிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

இன்னும் ஓரிரு தடவை போக வேண்டியிருக்கும். அவளுக்காக.

ஆகஸ்ட் 29, வெள்ளி

செண்பகத்துக்காக இன்றும் போனேன். ஒன்றும் சிக்கவில்லை. அவள் தூங்கிக்கொண்டிருந்ததால் சொல்லவும் முடியவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். செண்பகத்தை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடக் கூடாது. அதனால் காலையில் சம்பந்தியம்மாள் ஆற்றுக்கு, சாயங்காலம் நான். ஒருவர் போனால் ஒருவர் வீட்டில்.

அவர் இரைக்கு மண்புழு வைக்கிறார். தயிர்ச் சட்டியில் ஈரமான பேப்பரைக் கிழித்துப் போட்டு, பழத்தோலும் போட்டு, புழு வளர்க்கிறார். நான் புழுவைத் தொட மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கோதுமை மாவில் பெருங்காயமும் கடலைப் புண்ணாக்குத் தூளும் சேர்த்துப் பிசைந்தேன். தண்ணீரில் போட்டால் கரைந்து போயிற்று. பிறகு விளக்குத் திரிக்கு வைத்திருந்த பஞ்சைப் பிய்த்து மாவோடு சேர்த்துப் பிசைந்தேன். பாறை மாதிரி முள்ளில் நிற்கிறது.

சாயங்காலம் திரும்பி வந்ததும் சம்பந்தியம்மாள் அந்த உருண்டையை வாங்கி நசுக்கிப் பார்த்தார், மோந்து பார்த்தார்.

"இதை யாருங்க சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லல."

"நானும் இத்தன வருசமா மாவைக் கரைய உட்டுட்டு ஒக்காந்திருக்கறேன் பாருங்க," என்றார்.

அவர் கொஞ்சம் எடுத்து ஒரு டப்பாவில் மூடி வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். பார்க்காதது மாதிரி இருந்துவிட்டேன்.

செப்டம்பர் 6, சனி

செண்பகம் நாள் முழுக்க ஃபேனையே பார்த்துக்கொண்டிருப்பாள். குழந்தைக்கு என்று எதையும் வாங்கக் கூடாது, பேசக் கூடாது. பெயர், தொட்டில் என்று எது பேசினாலும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். இன்று தெய்வானையம்மாள் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அம்மிணி, எனக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்ல. இந்த முள்ளுல நரம்பைக் கோத்துக் குடு சாமி," என்றார்.

ஊசியில் நூல் கோக்க இந்த அம்மாளுக்குக் கண்ணாடிகூடத் தேவைப்பட்டதில்லை. நேற்றுத்தான் என் ரவிக்கைக்கு ஹூக் தைத்துக் கொடுத்தார்.

செண்பகம் கோத்தாள். முடிச்சு நழுவியது. மறுபடி போட்டாள். அப்புறம் அவளாகவே, "அத்தை, முடிச்சு மேல நெயில் பாலிஷ் ஒரு சொட்டு விட்டா நழுவாதுல்ல?" என்றாள். விட்டுப் பார்த்தோம். நழுவவில்லை. அந்தச் சிவப்புப் பாலிஷையே செருப்புத் துண்டிலும் பூசினாள். இனி தூரத்தில் மிதந்தாலும் தக்கை கண்ணுக்குத் தெரியும்.

மாப்பிள்ளை வந்து பார்த்தபோது மெத்தை மேல் கத்தரிக்கோல், செருப்பு, பேனா ரீஃபில், ஊக்கு. "என்ன இது, குடிசைத் தொழிலா?" என்றார்.

செப்டம்பர் 12, வெள்ளி

செண்பகத்துக்கு ரத்தம் குறைவாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் டிரிப்ஸ் ஏற்றினோம். முடிந்ததும் நர்ஸ் எல்லாவற்றையும் சுருட்டிக் குப்பையில் போடப் போனார். "சிஸ்டர், சொட்டு விழுதுல்லா, அந்தக் கண்ணாடிக் குழாய மட்டும் வெட்டித் தாங்க. எங்க அத்தைக்கு ஆகும்," என்று கேட்டாள் செண்பகம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

தெய்வானையம்மாள் அதை வெந்நீரில் போட்டு எடுத்து, பாதிக்குத் தண்ணீர் நிரப்பி, இரண்டு பக்கமும் அடைத்துத் தக்கையாகக் கட்டிவிட்டார். உள்ளே இருக்கிற தண்ணீர் கனம் கொடுக்கும். மேலே இருக்கிற காற்று மிதக்க வைக்கும். ஈயமே கட்டாமல் நடு ஆறு வரை எறிய முடிகிறது. தண்ணீரோடு தண்ணீராகத் தெரிவதால் மீனும் சந்தேகப்படுவதில்லை.

செண்பகம் ரொம்பப் பெருமையாக இருக்கிறாள்.

செப்டம்பர் 13, சனி

கெளுத்தி குத்திவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. விரல் வீங்கியதைப் பார்த்து தெய்வானையம்மாள் கேட்காமலே வெந்நீர் வைத்துக்கொண்டு வந்து கையை முக்கச் சொன்னார். கெளுத்தியைக் கையால் பிடிக்கக் கூடாது, இரண்டு செருப்புக்கு நடுவில் அமுக்கிப் பிடிக்க வேண்டுமாம். முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 20, சனி

மாவு பிசைந்துகொண்டிருந்தோம். நான்தான் கேட்டேன், "சம்பந்தி, நிசமாவே எதுக்கு இதப் படிச்சிய?"

பஞ்சைப் பிய்த்தபடியே சொன்னார். நவநீதனுக்கு முன்னால் அவருக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து இறந்திருக்கின்றன.

"கையிலயே குடுக்கலீங்க. துணில சுத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஆணா பொண்ணான்னு சொன்னாங்க, அவ்வளவுதான். ஊட்டுக்கு வந்தா ஒறம்பரைங்க, சொந்தபந்தம்னு வருவாங்க, அழுவாங்க, நானும் அழுவோணும். அழாட்டிப் பேசுவாங்க. எங்க ஊட்டுக்காரரு ஒரு நா காலைல என்னை ஆத்துக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு தூண்டிலக் கையில குடுத்துட்டாருங்க. ஒண்ணும் சொல்லல. நானும் தக்கையவே பாத்துட்டு ஒக்காந்திருந்தேன். மீனு புடிக்கறவளப் பாத்து யாரும் எதையும் கேக்க மாட்டாங்களே."

அவருடைய வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். இவர் விடாமல் பிடிக்கிறார்.

மாவில் தண்ணீர் கூடிவிட்டது. இன்னும் கொஞ்சம் மாவு சேர்க்க வேண்டியதாயிற்று.

செப்டம்பர் 28, ஞாயிறு

மாப்பிள்ளை தன் இறகுப்பந்து மட்டையைத் தேடி எடுத்துவிட்டார். நரம்பெல்லாம் வெட்டி, வெங்காயம் வாங்கி வந்த சிவப்பு வலைப் பையை அதில் தைத்திருந்தது. பெரிய மீனைக் கரையில் ஏந்துவதற்கு அது ரொம்ப வசதி.

"இது யார் செஞ்ச வேலை?" என்றார்.

"நான்தான் மாப்ள," என்றேன். தைத்தது தெய்வானையம்மாள். வெட்டியது நான். மாப்பிள்ளை மாமியாரைத் திட்ட முடியாது அல்லவா?

அக்டோபர் 5, ஞாயிறு

நேற்று லேசாகக் கறை பட்டது. டாக்டர் பார்த்துவிட்டு பயப்பட ஒன்றும் இல்லை என்றார். இன்று யாரும் ஆற்றுக்குப் போகவில்லை. மூன்று பேரும் கட்டிலில் உட்கார்ந்து தக்கை செய்தோம். ஒரு செருப்பு முடிந்து அடுத்த செருப்பையும் வெட்டியாயிற்று. ஊருக்கே கொடுக்கிற அளவுக்குத் தக்கை சேர்ந்துவிட்டது.

அக்டோபர் 9, வியாழன்

பெண் குழந்தை. நாள் ஆகாமலே பிறந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

அக்டோபர் 10, வெள்ளி

எழுத முடியவில்லை.

அக்டோபர் 11, சனி

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். செண்பகம் மயக்கம் தெளிந்து பேசுகிறாள். ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். குழந்தை மூச்சு விடுவதற்கு மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்கள்.

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

வியாழக்கிழமை காலையில் மாப்பிள்ளை பேங்குக்குப் போன பிறகு செண்பகம் பிடிவாதம் பிடித்தாள். "ஒரு நாளாவது ரெண்டு பேரும் சேந்து போயிட்டு வாங்க. டெய்சி டீச்சருக்கு லீவுதான். அவங்க வந்து இருப்பாங்க." டீச்சரும் வந்து, "நான் பாத்துக்கிடுதேன், போங்க," என்றார். போனோம்.

அன்று இருந்த மாதிரி ஆறு என்றைக்கும் இருந்ததில்லை. தண்ணீர் தெளிவாகவும் இல்லை, கலங்கலாகவும் இல்லை. தெய்வானையம்மாள் ஒட்டடைக் கம்போடும் நான் பாட்டிலோடும் உட்கார்ந்தோம். காலித் தண்ணீர் பாட்டிலில் நரம்பைச் சுற்றிக்கொண்டு, வாய்ப்பக்கத்தை ஆற்றுக்கு நேராக நீட்டிக்கொண்டு, மறுகையால் முள்ளைச் சுழற்றி எறிந்தால் நரம்பு தானாக உருவிக்கொண்டு போகும். என் நரம்பில்தான் பெரிய கெண்டை சிக்கியது. பாட்டிலே கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. "உடாதீங்க! இழுக்காதீங்க! உடுங்க, இழுங்க!" என்று தெய்வானையம்மாள் கத்தினார். எதைச் செய்வது என்று எனக்குப் புரியவில்லை. மட்டை வலையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அவர் அதை ஏந்திவிட்டார். இரண்டு பேரும் நனைந்துபோய், மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அப்போது டீச்சர் வீட்டுக்காரர் சைக்கிளில் வந்து கரையில் நின்றார். பனிக்குடம் உடைந்துவிட்டது. டீச்சர் ஆம்புலன்ஸில் செண்பகத்தை ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போய்விட்டார்.

என் போன் அடுப்படி அலமாரியில் சார்ஜில் கிடந்தது. அடித்து அடித்து ஓய்ந்திருக்கிறது. முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்தவள், பெற்ற மகள் கூப்பிட்டபோது கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த அம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்தார். நான் உதறிவிட்டேன். "ஒங்க மீனு ஆசையாலதான எல்லாம்," என்றேன். அதற்கு மேலும் ஒன்று சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

அவர் எழுந்து போய்விட்டார்.

அக்டோபர் 13, திங்கள்

குழந்தையைக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறோம். தோல் வழியாக நரம்பு தெரிகிறது. மாப்பிள்ளை காலையிலும் மாலையிலும் வீட்டிலிருந்து டிபன் கேரியர் கொண்டு வருகிறார். கடைந்த பருப்பு. அவியல்கூட இருந்தது. தேங்காயை இன்னும் கொஞ்சம் அரைத்திருக்கலாம். ஆனால் என் கைப்பக்குவத்தைப் பார்த்துப் படித்திருக்கிறார் என்று தெரிகிறது.

"அம்மா வரலியா மாப்ள?" என்று கேட்டேன்.

"நான் வந்தா அவங்களுக்குச் சங்கட்டமா இருக்கும்னு சொல்றாங்க அத்தை," என்றார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

செண்பகம் கேட்டாள், "அத்தை எங்கம்மா? நீ ஏதாவது சொல்லிட்டியா?"

நான் தலையணை உறையைச் சரிசெய்தேன்.

"எம்மா, எனக்கு அன்னைக்கு விடியக்காலைலேயே இடுப்பு வலிக்க ஆரம்பிச்சிட்டு. வாயுவா இருக்கும்னு நெனச்சேன். ஒங்ககிட்ட சொன்னா ரெண்டு பேரும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிப்பிய. அதப் பாத்தாதான் எனக்குப் பயமே வரும். கொஞ்ச நேரம் ஒங்க ரெண்டு பேரு கண்ணும் இல்லாம இருக்கணும்னு இருந்திச்சு. அதான் போகச் சொன்னேன்."

"சொல்லியிருக்கலாம்லாட்டி."

"நீங்க அங்க இருந்தாலும் தண்ணி ஒடஞ்சிருக்கும்மா. டாக்டரே சொல்லிட்டாங்க." பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "அத்தையக் கூட்டிட்டு வா," என்றாள்.

அக்டோபர் 15, புதன்

காலை பஸ்ஸில் கல்லிடைக்குறிச்சி போனேன். கதவு திறந்திருந்தது. தெய்வானை மதினி பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

கூடத்தில் ஒட்டடைக் கம்பு சாத்தியிருந்தது. நுனியில் பழையபடி பிரஷ். கம்பு நெடுகக் கட்டியிருந்த ஊக்குகள் எல்லாம் வெட்டி எடுக்கப்பட்டு ஊக்கு டப்பாவில் இருந்தன. பாபின்கள் தையல் பையில். பாட்டிலில் ஒரு முழ நரம்புகூட இல்லை. கழுவி, குடிதண்ணீர் நிரப்பி வைத்திருந்தது. தயிர்ச் சட்டி விளக்கிக் கவிழ்த்திருந்தது. ரப்பர் செருப்பையும் அந்த டிரிப்ஸ் குழாயையும் மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை போலிருக்கிறது. மட்டைக்கும் வழியில்லை. வெங்காயப் பையைப் பிரித்து எடுத்துவிட்டு, காலி வளையத்தைத் துடைத்து மாப்பிள்ளையின் மேசைமேல் வைத்திருந்தார். வீட்டில் யாரும் என்றைக்குமே மீன் பிடிக்காத மாதிரி இருந்தது.



மதினி ஈரக் கையோடு உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும், "புள்ளைக்கு ஒண்ணுமில்லீங்களே?" என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இருக்கா. குழாய எடுத்துட்டாங்க. தானா மூச்சு விடுதா."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று கோத்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இதுதான்.

"மதினி, நான் அன்னைக்குச் சொன்னது மனுசி சொல்லுத வார்த்தையா?"

"பொய்யொண்ணும் சொல்லலீங்களே. ரெண்டு போச்சுதானுங்க."

"என் வாயில புழுதான் விழணும்."

"அப்படியெல்லாம் பேசாதீங்க. பெத்த வயிறு பேசும்." சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தார். "எனக்கும் அந்த நெனப்புத்தானுங்க வந்துச்சு. நாந்தான் ராசியில்லாதவ, நான் வராம இருந்தா அது பொழச்சுக்கும்னு. அதான் எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டேன்."

நான் எழுந்து போய் ஒட்டடைக் கம்பின் பிரஷைத் திருகினேன். மரை இறுகிப்போயிருந்தது, வரவில்லை. மதினி வந்து ஒரு துணியைச் சுற்றிப் பிடித்துத் திருகினார். கழன்றுவிட்டது. இரண்டு பேரும் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். அப்புறம்தான் மதினி அழுதார். நானும்.

பிறகு இருந்ததைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு ஒன்றாக பஸ் ஏறினோம். திருநெல்வேலி வரை மதினி என் தோளில் சாய்ந்து தூங்கினார். எத்தனை நாளாகத் தூங்கவில்லையோ.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மாப்பிள்ளை எல்லோருக்கும் இட்லி வாங்கி வந்தார். குழந்தை இன்று கொட்டாவி விட்டது. நாங்கள் நாலு பேரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கொட்டாவி விட்டோம்.

அக்டோபர் 22, புதன்

செண்பகத்துக்கு ஆபரேஷன் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்துக் காய்ச்சல். இன்னும் சில நாள் குழந்தை பக்கத்தில் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் அழுதாள்.

பகல் சாப்பாட்டுக்கு முன்னால் குழந்தைகள் வார்டு நர்ஸ் வெளியே வந்தார். "பிள்ளை இப்பம் தேறிட்டு. ஆனா எடை ஏறணும். நெஞ்சோட நெஞ்சா ஒட்டி வச்சிக்கிட்டா சூடு கிடைக்கும், சீக்கிரம் தேறும். அம்மாவால முடியாதுன்னா வீட்டுல வேற ஒரு பொம்பளையாளு செய்யலாம். ஒருத்தர்தான். தெனமும் அவங்களே வரணும், மாத்தி மாத்தி வரக் கூடாது. யாரு வாறிய?"

என்னைத்தான் பார்த்துக் கேட்டார். பெற்றவளைப் பெற்றவள். மதினியும் என்னைப் பார்த்து, "போங்க, போங்க. கையக் கழுவிட்டுப் போங்க," என்று என் பையை வாங்கிக்கொண்டார். ஒரு அடி பின்னால் தள்ளியும் நின்றுகொண்டார்.

நான் நர்ஸிடம் சொன்னேன், "எனக்குக் காலைலருந்து தொண்ட கட்டிருக்கு. சளி பிடிக்கப் பாக்குது."

"அய்யோ, அப்பம் நீங்க உள்ள வரவே கூடாது," என்றார் நர்ஸ். "நீங்க வாங்கம்மா."

மதினிக்கு முதலில் புரியவில்லை. "நானுங்களா?" என்றார். "நானுங்களா? எனக்குத் தெரியாதுங்களே, நான் அப்படியெல்லாம்…" நர்ஸ் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பச்சை அங்கி ஒன்றைப் போடச் சொல்லி, சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். குழந்தையைக் கொண்டுவந்து நெஞ்சில் வைத்து மேலே துணியால் கட்டினார்கள். தலை மட்டும் வெளியே தெரிந்தது. ஒரு எலுமிச்சம்பழம்தான் இருக்கும். மதினி கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையையும் அந்தரத்தில் வைத்திருந்தார். நர்ஸ் ஒரு கையை எடுத்துக் குழந்தையின் முதுகில் வைத்தார். பிறகு மதினி அசையவில்லை. மூச்சு விடுகிறாரா என்றுகூட எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எதையோ குழந்தையிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். உதடு அசைவது தெரிந்தது. என்ன சொல்கிறார் என்று காதில் விழவில்லை.

சாயங்காலம்தான் வெளியே வந்தார். முகம் கழுவியது மாதிரி இருந்தது. நேரே கேன்டீனுக்குப் போய் அங்கே இருந்தவர்களிடம் கெஞ்சி, சுக்கும் மிளகும் கருப்பட்டியும் தட்டிப் போட்டுக் கஷாயம் காய்ச்சி, பெரிய டம்ளரில் கொண்டுவந்தார்.

"தொண்டைக்கு," என்றார்.

ஒரு மிளகுக்கு ஒன்பது மிளகாகப் போட்டிருப்பார். மூக்கும் கண்ணும் எரிந்து தண்ணீர் கொட்டியது. பக்கத்திலேயே உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டு, டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தடவை இருமிக் காட்டினேன்.

அடி மண்டி வரைக்கும் குடித்தேன்.